கிவ் அப்: கைவிடுதலும் விட்டுக்கொடுத்தலும்

‘கிவ்’ என்பதும் ‘அப்’ என்பதும் ஆங்கிலப் பாடநூலின் முதற்பக்கங்களிலேயே நம் குழந்தைகள் கற்றுவிடும் சொற்கள். முன்னதற்குக் ‘கொடு’ என்றும் பின்னதற்கு ‘மேலே’ என்றும் பொருள் கூற மூன்றாம் வகுப்புச் சிறுமியும் தயங்கமாட்டாள். ஆயின் அவ்விரண்டும் கைகோத்துக்கொண்டு ‘கிவ் அப்’ என வந்து நிற்கும்போது, பட்டம் பெற்றவர்களும் சற்றே தடுமாறக் காண்கிறோம். ‘மேலே கொடு’ என்று யாரும் பொருள் கொள்வதில்லை என்பது உண்மையே. அகராதியைப் புரட்டுகிறோம், ‘விட்டுவிடு’, ‘கைவிடு’ என்ற சொற்களைக் கண்டதும் மனநிறைவோடு அதை மூடிவிடுகிறோம். அச்சொற்கள் பாதி வழிக்கே துணைவரும். மீதி வழியில் நேரும் இடர்ப்பாடு தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், சில வேளைகளில் குடும்பத்துக்குள்ளும் நுழைந்துவிடுகின்றது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் குறித்து வாசக அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள காரணத்தால், இத்திங்கள் இந்த ஒரு தொடரை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

வினைச்சொல் ஒன்றோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘இன்’, ‘ஓவர்’ போன்ற குறுஞ்சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டின் தனிப்பொருளுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது பொருளைத் தருமாயின், அதனை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃபிரேஸல் வெர்ப்’ என்பர். தொடர்வினை என்று நாம் வழங்குவோம். பெயர் அண்மைக் காலத்தது. லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலால் அது பரவிற்று. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியே அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் என ஸ்மித் குறித்துள்ளார். பெயர் தோன்றுமுன்பே தொல்லை தோன்றிவிட்டது. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியார்க்கு மிகுந்த இடர் விளைப்பவை இவ்வகை வினைகளே என்று அதன் முன்னுரையில் கூறிச் சில எடுத்துக்காட்டுகளை அடுக்குகின்றார். அவற்றுள் ஒன்று ‘கிவ் ஓவர்’. ‘நிறுத்து’ என்று அதற்குப் பொருள் தருகின்றார். நம் ‘கிவ் அப்’புக்கு அது உடன்பிறப்பு. வட இங்கிலாந்தில் தொல்லை தரும் பிள்ளையைத் தாய் இன்றும் ‘கிவ் ஓவர்!’ என்று அதட்டுவதுண்டு.

ஜான்சன் குறிப்பிட்ட அயல்மொழியாருள் தமிழரைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஏனெனில் நாம் இத்தகைய வினைகளோடு பிறந்து வளர்ந்தவர்கள். ‘ஒப்புக்கொள்’ என்றால் இசைந்து ஏற்றுக்கொள்வது. ‘கொள்’ போய்க் ‘கொடு’ வந்துவிட்டால், ‘ஒப்புக்கொடு’ என்பது காணிக்கையாக்குவது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்; திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம். இரண்டையும் இடம்மாற்றிச் சொல்லும் பிள்ளையை நம் பங்குகளில் காண்பது அரிது. ‘காட்டு’ என்பதும் ‘கொடு’ என்பதும் தனித்தனியே எவ்வளவு நல்ல சொற்கள்! இரண்டும் சேர்ந்து ‘காட்டிக்கொடு’ என்றானவுடன் யூதாசின் முகம் நம் கண்முன் நிற்கின்றது. ‘விடு’ என்பதோடு ‘கொடு’ சேர்ந்தால் ‘விட்டுக்கொடு’, பெருந்தன்மை வந்துவிடுகின்றது. ‘கை’ முன்னால் வந்தால் ‘கைவிடு’, பெருந்தன்மை போய்விடுகின்றது. இவற்றை நமக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும் கேட்டுக் கேட்டுப் பெற்றோம். ஆங்கிலத் தொடர்வினைகளும் அங்ஙனமே கேட்டுப் பெற வேண்டியவை. பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் முறை நம் பள்ளிகளில் பெரும்பயன் விளைக்கவில்லை.

இனி ‘அப்’ என்னும் குறுஞ்சொல்லை நோக்குவோம். ‘ஈட் அப்’ என்றால் தட்டில் மிச்சமின்றிச் சாப்பிட்டுவிடு. ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு. ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு. இவ்விடங்களில் ‘அப்’ என்பது மேல்திசையைச் சுட்டவில்லை. செயல் முற்றுப்பெறுதலைச் சுட்டுகின்றது. நம் ‘விடு’ என்னும் துணைவினை செய்யும் அதே பணி. ஆதலால்தான் ‘கிவ் அப்’புக்கு ‘விட்டுவிடு’ என்ற பொருள் நமக்கு இயல்பாக வாய்க்கின்றது. ஆயினும் இதில் ‘கிவ்’ இன்னும் இறந்துபோகவில்லை என்பதை மறக்கலாகாது. முற்றுகையிட்ட பகைவனிடம் கோட்டையை ஒப்படைப்பதும், தேடிவந்த காவலரிடம் ஒளிந்திருந்தவனை ஒப்படைப்பதும் ‘கிவ் அப்’தான். கையில் இருந்தது பிறர் கைக்குப் போகின்றது. எனவே இத்தொடருக்கு இரண்டு வேர்கள் உள்ளன எனலாம். ஒன்று, செய்துவந்ததை நிறுத்துதல். மற்றொன்று, வைத்திருந்ததைக் கொடுத்தல். எவ்விடத்தில் எது என்பதை அதற்கு அடுத்து வரும் செயப்படுபொருளே காட்டும்.

ஒப்படைத்தல் என்ற அப்பழைய பொருள் இன்னும் ஒளிவீசும் இடம் ஒன்று உண்டு. 1582-இல் ரெய்ம்ஸ் நகரில் வெளியான கத்தோலிக்க ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலும், 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதைக் கூறும் இடங்களில் ‘கேவ் அப் தி கோஸ்ட்’ என்ற தொடர் வருகின்றது. ‘கோஸ்ட்’ என்றவுடன் பேய் என்று எண்ணி நம் இளைஞர்கள் திகைக்கின்றனர். பழைய ஆங்கிலத்தில் அது ஆவியைக் குறித்த தூய சொல். தூய ஆவியாரை ‘ஹோலி கோஸ்ட்’ என்றே ஆங்கிலேயர் நெடுங்காலம் அழைத்து வந்தனர். நம் பாட்டிமார் போர்த்துக்கீசிய வழியில் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றதைப்போல. பின்னாளில் ‘கோஸ்ட்’ பேயாகத் தாழ்ந்தது; அத்தொடரும் சேர்ந்து தாழ்ந்தது. இன்று ஓர் ஆங்கிலேயர் தம் பழைய தண்ணீர் மோட்டார் ‘கேவ் அப் தி கோஸ்ட்’ என்றால், அது பழுதாகி நின்றுவிட்டது என்று நகைச்சுவையாகச் சொல்கிறார் என்க. நாமும் ‘மோட்டார் உயிரை விட்டுவிட்டது’ என்கிறோமே!

செயப்படுபொருள் ஒரு பழக்கமாக இருந்தால் பொருள் தெளிவு. ‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்றால் அவர் புகைபிடிப்பதை விட்டுவிட்டார். இவ்விடத்தில் நம் மாணவச் செல்வங்கள் ‘கேவ் அப் டு ஸ்மோக்’ என்று எழுதுவது பெருவழக்காகிவிட்டது. அது பிழை. ‘கிவ் அப்’புக்குப் பின்னால் ஒரு செயல் வருமாயின் அது ‘இங்’ என்ற ஈற்றோடுதான் வரும். தமிழில் ‘புகைபிடிக்க விட்டுவிட்டார்’ என்று சொல்லாமல் ‘புகைபிடிப்பதை விட்டுவிட்டார்’ என்று பெயராக்கிச் சொல்கிறோம் அல்லவா? அதே முறை.

விடுதல் என்றால் என்றென்றைக்குமா என்ற ஐயம் எழலாம். எழ வேண்டியதே. ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒருவரையொருவர், ‘வாட் ஆர் யூ கிவிங் அப் ஃபார் லென்ட்?’ என்று வினவுவர். இனிப்பு என்பார் ஒருவர், தேநீர் என்பார் மற்றொருவர். அவ்வினிப்பு உயிர்ப்பு ஞாயிறு காலையில் மேசைக்குத் திரும்பிவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆக, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தொடர்வினை தானாகச் சொல்வதில்லை, சூழலே சொல்கின்றது. நம் ‘ஒறுத்தல்’ என்ற சொல்லில் உடலையும் மனத்தையும் அடக்குதல் என்ற கனம் இருக்கின்றது. ‘கிவ் அப்’பில் அந்தக் கனம் இல்லை. அது வெறும் விடுதலே. கனம் வேண்டுமாயின் விடுகிறவர்தாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை, இருக்கை, பதவி போன்றவை செயப்படுபொருளாக வந்தால், கொடுத்தல் என்ற வேர் தலைதூக்குகின்றது. பேருந்தில் முதியவர் ஒருவருக்கு இருக்கையைக் ‘கிவ் அப்’ செய்பவர் அதனை விட்டுவிடுவது மட்டுமன்றி, விட்டுக்கொடுக்கவும் செய்கின்றார். 1936 டிசம்பரில் இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்டு மன்னர், தாம் விரும்பிய பெண்ணை மணக்கும்பொருட்டு அரியணையைக் ‘கிவ் அப்’ செய்தார், அது முடிதுறத்தல். தமிழில் மூன்று வெவ்வேறு சொற்கள் கேட்கும் இடங்களில் ஆங்கிலம் ஒன்றையே வைத்துக்கொண்டு சிக்கனமாகக் காலம் தள்ளுகின்றது.

நம் நாட்டு இல்லத்தரசியர் இத்தொடரை எரிவாயு உருளையோடு சேர்த்தே அறிந்திருப்பர். 2015 மார்ச்சில் மைய அரசு, வசதி படைத்தோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாக முன்வந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு இட்ட பெயர் ‘கிவ் இட் அப்’. ஓராண்டு கடந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் மானியத்தை விட்டுக்கொடுத்திருந்தன. அரசியலை விடுத்து இலக்கணத்தை மட்டும் கவனிப்போம். ‘கிவ் அப் இட்’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் வரும்போது அவை ‘கிவ்’வுக்கும் ‘அப்’புக்கும் நடுவில்தான் அமரும். முழுப்பெயர் வந்தால் நடுவிலும் அமரலாம், பின்னாலும் அமரலாம். ‘கிவ் அப் தி சீட்’ எனினும் ‘கிவ் தி சீட் அப்’ எனினும் குற்றமில்லை. இவ்விதியைப் படித்து மறந்த பிள்ளைக்கு எரிவாயு மானியத்தின் பெயரை நினைவூட்டுங்கள், எளிதில் மறவாது.

‘கிவ் அப்’போடு அடிக்கடி குழப்பப்படுவது ‘கிவ் இன்’. வெளியிலிருந்து ஒருவர் நெருக்க, நெருக்குதலுக்குப் பணிந்து இணங்குவது ‘கிவ் இன்’. நெருக்குவார் ஒருவரும் இல்லாதபோதும், இனி நம்மால் ஆகாது என்று முயற்சியை நிறுத்திக்கொள்வது ‘கிவ் அப்’. மிட்டாய் கேட்டு ஒரு மணி நேரம் அழுத குழந்தைக்கு இறுதியில் வாங்கிக் கொடுத்துவிடும் தந்தை ‘கிவ்ஸ் இன்’. கணக்குக்கு விடை வராமல் பேனாவை மூடிவைக்கும் மாணவன் ‘கிவ்ஸ் அப்’. வின்ஸ்டன் சர்ச்சில் 1941 அக்டோபர் 29 அன்று தாம் பயின்ற ஹாரோ பள்ளியில் மாணவர்முன் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. ‘நெவர் கிவ் அப்’ என்று அவர் முழங்கியதாகச் சுவரொட்டிகளிலும் பரிசளிப்பு விழா உரைகளிலும் காண்கிறோம். அவர் சொன்னது ‘நெவர் கிவ் இன்’ என்பதே. ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் நகர்கள்மீது குண்டு பொழிந்து ஓராண்டு கடந்திருந்த வேளை அது. வெளியே பகைவன் நெருக்கிக்கொண்டிருந்தான்; ஆதலால் ‘இன்’ என்பதே அங்குப் பொருத்தம். மேலும், நேர்மைக்கும் நல்லறிவுக்கும் மட்டும் பணியலாம் என்றொரு விலக்கையும் அவர் உடன் சேர்த்தார். சுவரொட்டி அச்சிடுவோர் அதனை விட்டுவிட்டனர்.

இனிச் செயப்படுபொருள் ஒரு மனிதராக வரும் இடங்களுக்கு வருவோம். நமக்கு மடல் எழுதிய அம்மையாரின் இடர்ப்பாடு இங்கேதான். அவர் இசைவோடு, பெயரும் ஊரும் குறிக்காமல் செய்தியை மட்டும் தருகிறோம்.

அவர் கணவரின் தமையனார் நாற்பது ஆண்டுகளாக லண்டனில் வாழ்ந்தவர். புற்றுநோயால் பற்றப்பட்டு மருத்துவம் செய்துகொண்டிருந்தார். அவர் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பெண் தன் சித்தப்பாவுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாள். ‘அப்பா ஹாஸ் டிசைடட் டு கிவ் அப் தி கீமோ. நோபடி இஸ் கிவிங் அப் ஆன் ஹிம்.’ இரண்டே வாக்கியங்கள். வீட்டில் ஆங்கிலம் அறிந்த ஒருவர் அதனை உரக்க மொழிபெயர்த்தார்: ‘கீமோவைக் கைவிட முடிவாகிவிட்டது. யாரும் அவரைக் கைவிடவில்லை.’ சித்தப்பா வெகுண்டெழுந்தார். ‘மருந்தைக் கைவிட்ட பின் மனிதனைக் கைவிடவில்லை என்றால் என்ன பொருள்? பெற்ற மகளே அண்ணனைக் கைகழுவிவிட்டு எனக்குச் சமாதானம் எழுதுகிறாளா?’ என்றார். ஒரு திங்களுக்கு மேல் லண்டனிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை அவர் ஏற்கவில்லை. அந்தப் பெண் எழுதியதற்கு உண்மைப் பொருள் என்ன என்பதே அம்மையார் நம்மிடம் கேட்டது.

மொழிபெயர்த்தவர் செய்த பிழைகள் இரண்டு. முதலாவது, முதல் வாக்கியத்தின் எழுவாயை அவர் நழுவவிட்டார். முடிவு செய்தவர் மகள் அல்லர், அப்பாவே. ‘முடிவாகிவிட்டது’ என்ற எழுவாயற்ற தமிழ் வாக்கியத்தில், நோயாளியின் சொந்த முடிவு யாரோ அவர்மேல் சுமத்திய முடிவாக மாறிவிட்டது. இரண்டாவது, ‘கிவ் அப்’புக்கும் ‘கிவ் அப் ஆன்’ என்பதற்கும் கைவிடுதல் என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். அதனால் ஒன்றையொன்று தாங்கி நின்ற இரு வாக்கியங்கள் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றின.

‘ஆன்’ என்னும் மூன்றாவது குறுஞ்சொல் ஏன் வருகின்றது? ‘ஆன்’ என்றால் மேல், மீது. ஒருவர்மீது நாம் நம்பிக்கை வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை எடுத்துவிடுவது ‘கிவ் அப் ஆன்’. இங்கே கையைவிட்டுப் போவது மனிதர் அல்லர்; அவர்மீது நாம் கொண்டிருந்த எதிர்பார்ப்பும் அக்கறையும். பாடம் ஏறாத ஒரு மாணவனை ஆசிரியர் ‘கிவ்ஸ் அப் ஆன் ஹிம்’ என்றால், அவனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார் என்று பொருளன்று. அவன் அதே பலகையில் அமர்ந்திருக்கிறான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரும் அழைக்கப்படுகின்றது. ஆசிரியரின் கண்தான் அவன்மேல் படுவதில்லை. தமிழில் இதற்கு மிக அருகில் வருவது ‘கைகழுவுதல்’. புனித மோனிக்கா தம் மகன் அகஸ்டினுக்காக அழுது மன்றாடிய ஆண்டுகள் பல. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் அவர் திருமுழுக்குப் பெறும்வரை தாய் கைகழுவவில்லை. ‘ஷி நெவர் கேவ் அப் ஆன் ஹிம்’ என்பது அத்தாய்க்கு முற்றும் பொருந்தும் வாக்கியம்.

ஆதலின் லண்டன் மகள் எழுதியதனை நாம் இவ்வாறு தமிழாக்குவோம்: ‘கீமோ சிகிச்சையை நிறுத்திக்கொள்வதென்று அப்பா முடிவெடுத்திருக்கிறார். அதற்காக அவரைக் கவனிப்பதில் நாங்கள் யாரும் சோர்ந்துவிடவில்லை.’ முதல் வாக்கியத்தில் ‘நிறுத்திக்கொள்’ என்று போட்டதைக் கவனிக்க. ‘கொள்’ வந்தமையால் முடிவு அவருடையதே என்பது விளங்குகின்றது.

இது வெறும் சொல்வேறுபாடு அன்று. மருத்துவத்திலும் இவ்வேறுபாடு உண்டு. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தது, குணமாக்கும் மருத்துவம் முடிந்துபோன இடத்தில் வலி தணிக்கும் மருத்துவமும் பராமரிப்பும் தொடங்க வேண்டும் என்பதற்காகவே. நோயாளிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற பேச்சை அவ்வகை இல்லங்கள் ஏற்பதில்லை. ‘பாலியேட்டிவ் கேர்’ என்று இன்று வழங்கும் அந்தப் பணி கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சங்கத்தின் வழியே சிற்றூர்கள்வரை பரவியுள்ளது. 1980 மே 5 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும், கருணைக்கொலையை உறுதியாக மறுத்த அதே ஏட்டில், சாவு நெருங்கிவிட்ட வேளையில் வேதனையோடு நாள்களை நீட்டுவதற்கு மட்டுமே உதவும் மருத்துவத்தை வேண்டாம் எனக் கூறும் உரிமை நோயாளிக்கு உண்டு என்றது. நோயாளிக்கு உரிய வழக்கமான கவனிப்பு மட்டும் தடைபடலாகாது என்றும் சேர்த்தது. ஆங்கிலத்தில் சொல்வதாயின், மருத்துவம் ஒன்றைக் ‘கிவ் அப்’ செய்யலாம். நோயாளியைக் ‘கிவ் அப் ஆன்’ செய்யலாகாது.

‘தி டாக்டர்ஸ் ஹாவ் கிவன் ஹிம் அப்’ என்று ‘ஆன்’ இல்லாமலும் பழைய நாவல்களில் வரும். பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டனர் என்பது அதன் பொருள். இன்று இவ்வழக்கு அருகிவிட்டது. ‘ஹி கேவ் ஹிம்செல்ஃப் அப்’ என்றால் அவன் தானே காவலரிடம் சரணடைந்தான். செய்தித்தாளில் அடிக்கடி காணலாம், விளக்கம் வேண்டாதது.

மனிதர் செயப்படுபொருளாக வரும் இன்னோர் இடத்தை விரைந்து கடந்துவிட இயலவில்லை. ஆங்கிலத்தில் ஒரு தாய் தன் குழந்தையைத் தத்துக்கொடுப்பதை நெடுங்காலமாகக் ‘கிவ் அப் ஃபார் அடாப்ஷன்’ என்றே கூறிவந்தனர். கொடுத்தல் என்ற பழைய வேரிலிருந்து பிறந்த தொடர்தான். தீய எண்ணம் அதில் இல்லை. ஆனால் அக்குழந்தை வளர்ந்து, தன்னைப்பற்றிய தாளில் ‘கிவன் அப்’ என்ற சொற்களைத் தானே படிக்கும் நாள் ஒன்று வருகின்றதல்லவா? கொடுத்தல் என்ற வேர் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழக்கத்தை விடுவதுபோல், சிகரெட்டை விடுவதுபோல் தன்னையும் விட்டுவிட்டார்கள் என்றே அது படிக்கின்றது. 1979-இல் மாரியட்டா ஸ்பென்சர் என்ற அமெரிக்கச் சமூகப்பணியாளர் தத்தெடுப்பில் வழங்கும் சொற்களைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று எழுதினார். அக்காலம் தொட்டு அத்துறையினர் ‘கிவ் அப்’பைத் தவிர்த்துப் ‘பிளேஸ்’ என்ற சொல்லை, அதாவது ஒரு குடும்பத்தில் இடமளித்தல் என்ற பொருளில், வழங்கத் தொடங்கினர். ‘வெறும் சொல்தானே’ என்று இதனை எள்ளுவோரும் உண்டு. அத்தாளைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது வெறும் சொல் அன்று என்பது நம் எண்ணம்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்தில் மிக நுட்பமாக நடந்துகொள்கின்றது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘அபண்டன்ட்’ என்றும் ‘சரண்டர்ட்’ என்றும் இரு வேறு வகைகள் உள்ளன. பெற்றோரோ பாதுகாவலரோ துறந்து சென்றதாக உசாவலுக்குப் பின் குழந்தைகள் நலக்குழு அறிவிக்கும் குழந்தை முதல்வகை. தம் சக்திக்கு அப்பாற்பட்ட உடல், மன, சமூகக் காரணங்களால் பெற்றோரே குழுவின்முன் வந்து ஒப்படைக்கும் குழந்தை இரண்டாம் வகை. அப்பெற்றோர் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற இரண்டு திங்கள் தவணையும் உண்டு. ‘கிவன் அப்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலங்கிவிடும். தமிழில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று பொதுவாக எழுதினாலும் அதே கலக்கம்தான். குழந்தை இல்லங்களில் பணிபுரியும் அருட்சகோதரியரும் பதிவேடு எழுதுவோரும் ‘ஒப்படைக்கப்பட்ட’ என்ற சொல்லை அதற்கு உரிய இடத்தில் தவறாது பயன்படுத்துதல் நலம். கைநடுங்கக் கையெழுத்திட்டு ஒப்படைத்த ஒரு தாயை, குப்பைத்தொட்டியருகே விட்டுச் சென்றவளாக ஒரு சொல் ஆக்கிவிடலாகாது.

எழுத்துநடை பற்றியும் ஒரு சொல். ‘கிவ் அப்’ பேச்சுக்கும் குடும்ப மடலுக்கும் உரியது. அலுவலக மடலில், வேலையை விட்டதைக் குறிக்க ‘ஐ கேவ் அப் மை ஜாப்’ என்று எழுதினால் பிழையாகாது. எனினும் சலித்துப்போய் விட்டுவிட்டதுபோன்ற சாயல் அதில் படியும். ‘ரிசைன்ட்’ என்று எழுதுவதே தக்கது. சடங்கு, சட்டம் ஆகியவற்றில் இலத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்களை ஆங்கிலம் விரும்பும். திருமுழுக்கு வாக்குறுதியில் சாத்தானைக் குறித்துக் கேட்கும்போது ஆங்கிலத்தார் ‘ரினவுன்ஸ்’ என்பர், ‘கிவ் அப்’ என்னார். தமிழிலோ ‘விட்டுவிடுதல்’ என்ற எளிய சொல்லே அப்பணியைத் தாங்குகின்றது. அவ்வகையில் நம் மொழி பேச்சுக்கும் வழிபாட்டுக்கும் இடையே பெருஞ்சுவர் எழுப்பவில்லை என்று மகிழலாம்.

விழா மேடைகளில் இப்போது கேட்கும் ஒரு புதுவழக்கையும் சொல்லிவிடுகிறோம். ‘கிவ் இட் அப் ஃபார் தி கொயர்!’ என்று அறிவிப்பாளர் கூவினால், பாடகர் குழுவுக்காக எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று மருள வேண்டா. கைதட்டுங்கள் என்கிறார். அமெரிக்க மேடைப் பேச்சிலிருந்து வந்தது. நம் பங்கு ஆண்டுவிழாக்களில் அதனை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை என்னவோ நமக்கு விளங்கவில்லை.

அம்மையாருக்கு விடை மடல் தனியே அனுப்பிவிட்டோம். அவர் கணவர் இப்போது ஞாயிறுதோறும் தமையனாரோடு பேசுகின்றாராம். அடுத்த திங்கள் ‘புட் அப் வித்’.